பேதிக்கு உப்புச் சீனித் தண்ணீர்: அளவாகக் கலப்பது எப்படி, அளவு ஏன் பிசகக் கூடாது

வயிற்றாலே போனால் உப்பும் சீனியும் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு என்று கேட்டால்தான், "கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சீனி" என்பார்கள். நான் பாளையங்கோட்டையில் நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். மலப் பரிசோதனைதான் என் மேசைக்கு அதிகம் வரும். பணி ஓய்வுக்குப் பிறகு கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். தெருவில் ஒரு பிள்ளைக்குப் பேதி என்றால் முதலில் என் வீட்டுக்குத்தான் ஆள் வரும். வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இந்தத் தண்ணீர் வேலை செய்வதே அதன் அளவால்தான். அளவு தப்பினால் அது வெறும் சர்பத்து, அல்லது அதைவிட மோசம்.

எங்கள் ஊரில் இது அடிக்கடி தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி கலங்கி வரும். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகளில் இருந்துதான் பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் போகிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் ஆற்றங்கரையிலேயே குடில் போட்டு நாள் கணக்கில் தங்குவார்கள். சமையல், குளியல், குடிதண்ணீர் எல்லாம் அந்த ஆற்றில்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் கிணறும் சாக்கடையும் ஒன்றாகக் கிடந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எப்போது தேவைப்படும் என்று தெரியாது. ஆகையால் கலக்கும் முறையை இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரணம். காரணம் புரிந்தவருக்கு அளவு மறக்காது.

பேதிகளில் மிகக் கொடியதான காலராவை வைத்தே சொல்கிறேன். காலரா கிருமியின் பெயர் விப்ரியோ காலரே. அது குடலைக் கடித்துக் குதறுவதில்லை, ரத்தத்துக்குள் நுழைவதும் இல்லை. சிறுகுடலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சுப் புரதத்தைச் சுரக்கும், அவ்வளவுதான். இதைச் சந்தேகமில்லாமல் காட்டியவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். துண்டு நீர் கோத்து வீங்கியது. பிறகு 1959இல், கிருமியே இல்லாதபடி வடிகட்டிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் வீங்கியது. கிருமி வேண்டாம், அது விட்டுச் சென்ற பொருளே போதும் என்று அன்றைக்குத் தெளிவானது. பெரிய வசதிகள் எதுவும் இல்லாமல் ஒரு மனிதர் செய்த வேலை இது. அவருடைய பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் பெரிதாக வர வேண்டும் என்பது என் ஆசை.

அந்த நச்சில் இரண்டு பாகம் உண்டு. 'பி' எனப்படும் ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்திருக்கும், நடுவில் 'ஏ' ஒன்று. குடல் செல்லின் மேல்பரப்பில் ஜி.எம்.1 என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. வளையம் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு 'ஏ' பாகத்தின் ஒரு துண்டு செல்லுக்குள் போய், அங்கே சமிக்ஞை கடத்தும் ஒரு ஜி-புரதத்தில் சிறு வேதிக் கூட்டு ஒன்றை ஒட்டிவிடும். வழக்கமாக அந்தப் புரதம் தேவைக்கு இயங்கி, வேலை முடிந்ததும் தானே அடங்கும். ஒட்டு விழுந்த பிறகு அடங்க முடியாது. செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞைப் பொருள் பெருகும். அதன் கட்டளையால் குளோரைடு வெளியேறும் வழி திறந்தே கிடக்கும். குளோரைடு போனால் சோடியமும் போகும், இரண்டும் போனால் தண்ணீரும் போகும். எங்கள் பக்கத்துப் பாசனக் கால்வாயான கன்னடியன் கால்வாயில் ஒரு மடையின் பலகையைத் தூக்கிவிட்டு, இறக்க முடியாதபடி யாரோ பூட்டிப் போனால் எப்படி இருக்கும், அப்படி. கடுமையான காலராவில் ஒரு பெரியவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் போகும். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளிறிப் போவது அதனால்தான். அதில் மலம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, உடம்பின் உப்பும் நீரும்தான் இருக்கும்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் வைத்தியமே இதில்தான் இருக்கிறது. இந்த நச்சு குடல் செல்லைக் கொல்வதில்லை. வெளியேறும் வழியைத்தான் திறந்து வைக்கிறது. உள்ளே இழுக்கும் வழிகளில் ஒன்றை அது தொடுவதே இல்லை. குடல் செல்லின் மேல் எஸ்.ஜி.எல்.டி.1 என்று ஒரு புரதம் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் வந்தால், கூட இரண்டு சோடியம் வந்தால், மூன்றையும் சேர்த்து உள்ளே கடத்தும். குளுக்கோஸ் மட்டும் வந்தாலோ, உப்பு மட்டும் வந்தாலோ கடத்தாது. இப்படி இரண்டும் ஜோடியாகத்தான் போகின்றன என்பதை 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் முன்வைத்தவர் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி. அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். வெறும் தண்ணீரைக் குடம் குடமாய்க் குடித்தாலும் பேதிக்காரர் வாடுவது ஏன், சீனி சேர்ந்த உப்புத் தண்ணீர் மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்கு இதுதான் விடை.

இந்த அறிவு உயிர் காத்தது 1971இல். வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த மக்களிடம் காலரா பரவியது. மேற்கு வங்க எல்லையில் உள்ள போங்காவ் முகாமில் சிரை வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த பொட்டலங்களைத் தயாரிக்கச் செய்து, டிரம்மில் கரைத்து, குழாய் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே பிடித்துக் கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீத அளவில் இருந்த சாவு, அந்த முகாமில் 3.6 சதவீதமாக இறங்கியது. கொடுத்தவர்கள் தாயும் தம்பியும் அக்காளும்தான். ஆகையால் என்னால் முடியுமா என்று நீங்களும் தயங்க வேண்டாம்.

சரி, கலக்கப் போவோம்.

உப்பும் குளுக்கோஸும் அளவாகக் கலந்து வரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் கிடைக்கும், மருந்துக் கடையிலும் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் சொல்லிவரும் கலவை, ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கரைத்தால் சோடியமும் குளுக்கோஸும் சம எண்ணிக்கையில் இருக்கும்; துகள்களை எண்ணும் வேதியியல் அளவில் லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம். கடையில் வாங்கும்போது பின்பக்கத்தில் இந்த எண்களைப் பாருங்கள். அட்டைப் பெட்டியில் பழப் படம் போட்டு இனிப்பாக விற்கும் பானங்கள் இந்தக் கலவை அல்ல. இந்த அளவுக்கு உட்படாத பானங்களின் மேல் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. நல்ல காரியம்.

இப்போது அதிகம் நடக்கும் தவறுக்கு வருகிறேன். எதிர்வீட்டு மருமகள் ஒரு நாள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து, "பெரியம்மா, ஒரு பாக்கெட்டுக்கு ஒரு தம்ளர் தண்ணிதான?" என்று கேட்டாள். "இல்லட்டி, பாக்கெட்டத் திருப்பிப் பாரு" என்றேன். சின்ன எழுத்தில் ஒரு லிட்டர் என்று இருந்தது. அதை 200 மில்லி தம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு. அது குழந்தையின் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பு வரை கொண்டுபோகும். கடையில் ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் உண்டு, 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் உண்டு. இரண்டும் ஒரே மாதிரி பச்சையும் ஆரஞ்சுமாய் அடுக்கி வைத்திருப்பார்கள். கையில் இருப்பது எது என்று படித்துப் பார்க்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். பெரிய பொட்டலத்தில் பாதியைப் பிரித்து அரை லிட்டரில் போடுவதும் வேண்டாம். உள்ளே இருக்கும் உப்புகள் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முழுதாக ஒரு லிட்டரும் கலந்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். விலை ஒன்றும் பெரிதில்லை.

ஒரு லிட்டர் அளக்கச் செம்பை நம்பாதீர்கள், ஒவ்வொரு வீட்டுச் செம்பும் ஒவ்வொரு கொள்ளளவு. ஒரு லிட்டர் என்று அச்சடித்த தண்ணீர் பாட்டில் போதும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதன் பிறகு பொடியைப் போட்டுக் கலக்க வேண்டும். கலந்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள், மறுநாள் புதிதாகக் கலக்குங்கள்.

பொட்டலம் இல்லாத ராத்திரி என்றால்: ஒரு லிட்டர் தண்ணீர், சமமாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனி, சமமாக வழித்த அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டி என்று சொல்வது ஐந்து மில்லி. வீட்டில் உள்ள கரண்டி மேல் சந்தேகம் இருந்தால் இருமல் மருந்து மூடியில் 5 என்று கோடு போட்டிருக்கும், அதில் அளங்கள். கரண்டியைச் சீனி டப்பாவில் அமிழ்த்தி எடுத்தால் மேலே குவிந்து நிற்கும். அந்தக் குவியலைக் கத்தியின் முதுகால் ஒரே இழுப்பில் தள்ளிவிடுங்கள். கரண்டியின் விளிம்பு முழுதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குவியலோடு போட்டால் ஆறு கரண்டி ஒன்பது கரண்டி ஆகிவிடும்.

உப்பு விஷயத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒரு தனிச் சிக்கல். தூத்துக்குடி கல்லுப்புதான் பாதி வீடுகளில் இருக்கும். கல்லாக அளந்தால் இடையில் காற்று நிற்கும், ஒவ்வொரு தடவையும் எடை மாறும். அம்மியிலோ உரலிலோ பொடித்துவிட்டுப் பிறகு அளங்கள். கலந்து முடித்ததும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

சீனியில் குளுக்கோஸ் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. சீனி என்பது சுக்ரோஸ். குடலின் விளிம்பில் உள்ள நொதி அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் வெட்டும். ஆறு தேக்கரண்டி சீனி 25 கிராம் வரும், அதிலிருந்து 13 கிராம் சொச்சம் குளுக்கோஸ் கிடைக்கும். பொட்டலத்தில் 13.5. கணக்கு எவ்வளவு நெருக்கமாக வருகிறது என்று பாருங்கள். உடன்குடிக் கருப்பட்டி போடலாமா என்று ஆச்சிமார் கேட்பார்கள். கருப்பட்டி மேல் எனக்கும் பிரியம்தான், ஆனால் ஈரமும் இனிப்பும் கட்டிக்குக் கட்டி மாறும், அளக்க முடியாது. பேதிக்குச் சீனியே இருக்கட்டும்.

சீனி கூடினால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். உள்ளே இழுக்கும் புரதங்கள் எடுக்கும் அளவுக்கு மேல் போன சீனி குடலிலேயே தங்கி, உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். பேதி அதிகமாகும். கடையில் பாட்டிலில் விற்கும் கலரில் பெரும்பாலும் 100 மில்லிக்குப் பத்து கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும், இந்தத் தண்ணீரிலோ 100 மில்லிக்கு 1.35 கிராம் குளுக்கோஸ்தான். பேதிக்காரருக்குக் கலர் வாங்கிக் கொடுக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. கூடக் கொடுக்கலாம், இதற்குப் பதிலாகக் கொடுக்க முடியாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் நல்லது. அரிசி மாவு மெதுவாகக் குளுக்கோஸாக உடையும். உப்புப் போட்ட மோரும் சரி.

கொடுக்கும் விதம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில். இரண்டிலிருந்து பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. பெரியவர்கள் கேட்கிற அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, அப்புறம் இன்னும் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். வாந்தி எடுக்கிறான் என்று நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது: இட்லி, குழைந்த பருப்புச் சோறு, வாழைப்பழம். "வயித்தைக் காயப் போடு" என்ற பழைய பேச்சு குழந்தைக்குக் கெடுதல். கூடவே துத்தநாக மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றாலும் முடிக்க வேண்டும். அதைவிடச் சிறிய குழந்தைக்குச் செவிலியரைக் கேட்டுக் கொடுங்கள்.

கிருமியைக் கொல்லும் மாத்திரை போட்டால் உடனே நிற்காதா? நிற்காது. மாத்திரை கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே செல்லுக்குள் போய்விட்ட நச்சைத் தொடாது. குடல் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாக வரும், அதுவரை தண்ணீரும் உப்பும் ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காலராவில் டாக்சிசைக்ளின் போன்ற மருந்து நோய் நாட்களைக் குறைக்கும், ஆனால் அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். பேதியை அடைத்து நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு எப்போது? வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து விடுங்கள். உடனே படிந்தால் சரி. மடிப்பு இரண்டு நொடிக்கு மேல் நின்றாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, கண் குழிந்து குடிக்க முடியாமல் போனாலோ 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை முடிந்த மட்டும் கரண்டியால் ஊட்டுங்கள். ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும் கிளம்புங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் இது வேறு கதை. சிகெல்லா போன்ற கிருமிகள் குடல் சுவருக்குள்ளேயே புகுந்து சேதம் செய்யும். அந்த இனத்தில் சில சுரக்கும் ஷிகா நச்சு, செல் புரதம் கட்டும் இடத்தையே முடக்கி செல்லைச் சாகடிக்கும். தண்ணீர் அங்கேயும் வேண்டும், ஆனால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். விருந்து சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குள் பல பேர் வாந்தி எடுத்தால், பெரும்பாலும் உணவிலேயே உருவாகிவிட்ட நச்சு. ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது, ஆகையால் மிஞ்சிய சாப்பாட்டைச் சுட வைத்துச் சாப்பிடலாம் என்று எடுத்து வைக்காதீர்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். விறகும் கேஸும் இல்லாத இடத்தில், ஆற்றங்கரைக் குடிலில் இருப்பவர்கள் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்தாவது வடிகட்டுங்கள். விப்ரியோ கிருமி நீரில் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத, ஓடுள்ள சிறு உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு திரியும். துணி அந்த உயிரிகளைப் பிடித்துவிடும். வங்கதேசக் கிராமங்களில் ரீட்டா கால்வெல் என்ற விஞ்ஞானியின் குழுவினர் செய்து பார்த்தபோது காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. துவைத்துத் துவைத்து இழை நெருங்கிய பழைய சேலைதான் நன்றாக வடிகட்டும். மற்றக் கிருமிகளுக்கு இது போதாது, குளோரின் மாத்திரை கிடைத்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, என் மேசை சம்பந்தப்பட்டது. ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரிப் போனால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். மாதிரி எடுக்க வருவார்கள். எதிருயிரி மாத்திரை போடுவதற்கு முன் எடுத்த மாதிரிதான் பயன்படும், போட்ட பிறகு கிருமி வளராது. குச்சியில் எடுத்த மாதிரியை வழியில் கிருமி சாகாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வைத்து அனுப்புவார்கள். ஆய்வகத்தில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் விப்ரியோ குறுக்கும் நெடுக்குமாகப் பாயும். ஓ1 என்ற காலரா வகையை மட்டும் பிடிக்கும் ஓ1 எதிர்சீரத்தை விட்டதும் ஓட்டம் சட்டென்று நிற்கும். என் வேலைக்காலத்தில் பார்க்கச் சலிக்காத காட்சி அது. விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் டி.சி.பி.எஸ். தட்டில் அது சுக்ரோஸைப் புளிக்க வைப்பதால் மஞ்சள் மஞ்சளாய்க் குடியேற்றங்கள் வளரும்.

மஞ்சளாய் வளர்ந்ததெல்லாம் காலரா அல்ல. நச்சு செய்யும் மரபணு கிருமியின் சொந்தச் சொத்தே அல்ல என்று 1996இல் வால்டர், மெக்கலானோஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வைரஸ் தொற்றாத விப்ரியோவுக்கு அந்த நச்சு இல்லை. ஆகையால் சி.டி.எக்ஸ்.ஏ. என்ற அந்த மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். போட்டுப் பார்ப்பார்கள். 1992இல் சென்னையில், ஓ1 சீரத்துக்கு மசியாத காலரா கிருமி தலைகாட்டியது. பின்னால் அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். மாதிரிகள் ஒழுங்காக ஆய்வகத்துக்கு வந்ததால்தான் அப்படி ஒரு புதிய வகை பிடிபட்டது.

செவிலியர் வரும்போது இவற்றைச் சொல்லத் தயாராக இருங்கள்: பேதி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, முந்தின இரண்டு மூன்று நாளில் எந்தக் குழாயில், எந்தக் கிணற்றில் தண்ணீர் பிடித்தீர்கள், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, என்ன மாத்திரை போட்டாயிற்று. ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால் பதற்றத்தில் மறக்காது.